தாய்மாமன் மடி

வீட்டுக்காரிக்கு,

சாமை அறுப்பு முடிந்தது. ஆடு குட்டி போட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் இந்தக் காகிதம்.

சந்தவாசல் கலைவாணியின் குழந்தைக்கு ரத்தம் கொடுத்தது நான் இல்லை.

கொடுத்தவர் ஜவ்வாது மலை கோபால்சாமி என்று மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவள் ஃபேஸ்புக்கில் அந்தப் பெயரைத் தேடி, அதே பெயருள்ள எனக்கு எழுதிவிட்டாள். "அண்ணா, எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல. நீங்கதான் தாய்மாமனா மடியில வச்சிக் காது குத்தணும்" என்று கேட்டாள். அப்போதே மறுத்திருக்க வேண்டும். அதற்குள் நீ படித்துவிட்டு, "இன்னாய்யா, எங்கிட்டகூட சொல்லல?" என்றாய். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை.

ஊசியைக் கண்டாலே ஓடுகிறவன் நான். காது குத்தும்போதும் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லோரும் பாசம் என்றார்கள். நீ உன் கொலுசை அழித்துக் குழந்தைக்குத் தண்டை செய்து போட்டாய். இப்போது அத்தை என்று அங்கேயே தங்கியும் இருக்கிறாய்.

கலைவாணி போட்ட காதுகுத்துப் போட்டோவுக்குக் கீழே நேற்று அந்தக் கோபால்சாமி எழுதியிருக்கிறான். சண்டைக்கு வரவில்லை. "ரத்தம் குடுத்தன்னிக்குப் பாப்பாவப் பாக்க வுடல. இப்ப நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

நேரில் வந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. இதை அவளிடம் படித்துக் காட்டிவிடு. அப்புறம் நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

கீழே பெயர் எழுதக் கை வரவில்லை.

உன் வீட்டுக்காரன்