நாங்கள் பார்க்காத தாலின்

1999 செப்டம்பர் 11, சனிக்கிழமை, காலை 10.40. படங்கள் முப்பத்தாறு. ஒன்று முழுக்கக் கறுப்பு, மற்றவை பரவாயில்லை. ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம் படம் கழுவும் கடைக்கு முன்னால் காருக்குள் இருந்தபடியே உறையைப் பிரித்தேன். மருந்து மணம் இன்னும் போகவில்லை. முதல் படத்தில் நாங்கள் அடைபட்டுக் கிடந்த ஒன்பது மாடிக் கட்டடம். வீட்டுக்குப் போகாமல் இங்கேயே இருந்து உனக்கு எழுதுகிறேன் மச்சான்.

92 மார்கழியில், கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் எங்கள் இருவரையும் தாலினில் கொண்டுபோய் விட்டான். அது எஸ்தோனியாவின் தலைநகரம் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்று மாதம், ஒரே அறை. யன்னல் கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டியிருந்தது. வெளியே போகக்கூடாது, சத்தமாய்க் கதைக்கக்கூடாது. கள்ளப் பாஸ்போர்ட்டில் எனக்குப் பெயர் பெருமாள், கோலாலம்பூர்க்காரன். சாப்பிடும்போதும் பல் தீட்டும்போதும் திடீரென்று "பேர்?" என்பாய். நித்திரையிலும் உலுப்பிக் கேட்பாய். சொந்தப் பெயர் வாயில் வந்தால் தலையில் குட்டு.

நீ பேசாலைக் கடற்கரையில் பிறந்தவன். யன்னலைச் சாண் அளவு திறக்கிற வேளைகளில் மூக்கை நீட்டிக்கொண்டு, கடல் கிட்டத்தான் இருக்கிறது என்பாய். நான் குளிர், காற்று, தூரம் என்று கணக்குக் காட்டி, வாய்ப்பே இல்லை என்பேன்.

"உனக்குப் படிப்பு இருக்கு, மூக்கு இல்லை" என்றாய்.

ரொறன்ரோவுக்கு வந்தும் அதே சண்டை ஓயவில்லை. போன வருடக் கோடையில் மிசிசாகாவில் என் வேலைத்தல வாசலுக்கே வந்து கேட்டாய். "ரெண்டு பேருமாய் ஒருக்கா போய்ப் பாப்பம். ஆர் சரியெண்டு தெரியும்தானே."

"அடைபட்டு மறியல் இருந்த வீட்டை ஆரும் லீவெடுத்துப் போய்ப் பாப்பினமே? போடா விசரா."

நீ சிரிக்கவில்லை. இந்த மாசியில் விட்பிக்கு வேலைக்குப் போகும் வழியில் பனியில் உன் கார் சறுக்கியது. அதன்பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நீ சரியா, நான் சரியா? போன கிழமை தனியாகப் போனேன்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் கனடாப் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே பெயரைக் கேட்டாள். நான் யோசிக்கவேயில்லை. "பெருமாள்" என்றேன். அவள் தலையை நிமிர்த்தினாள். சொந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் கள்ளப் பெயரைச் சொன்ன மடையன் நான். அது பட்டப்பெயர் என்று சமாளித்து, சரியான பெயர், பிறந்த திகதி, வேலையிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்த பிறகுதான் முத்திரை குத்தினாள். முதல் தடவையா வருகிறீர்கள் என்றாள். ஆமென்றேன். அதைப் பொய்யென்று நான் நினைக்கவில்லை.

நகரம் வடிவுதான். எனக்கு வர்ணிக்க வராது. கல் பாவிய ஒடுக்கமான தெருக்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், உருண்டைக் கோபுரங்கள் வைத்த பழைய மதில். பாதாம் பருப்பைச் சீனியும் கறுவாவும் போட்டு வறுத்து விற்கிறார்கள். வாசம் தெருமுனை வரைக்கும் வருகிறது. முதல் ஒரு மணித்தியாலம் சுவரோரமாகவே நடந்தேன். பத்தடி இடைவெளி விட்டு நட, ஒருவரையும் பார்க்காதே என்று அப்போது ஏஜென்சிக்காரன் பழக்கியது காலில் இருந்தது. பிறகு ஆத்திரம் வந்து சதுக்கத்தின் நட்டநடுவில் போய் நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் படம் எடுத்துத் தரவா என்று சைகையில் கேட்டார். கறுப்பாய்ப் போனது அந்தப் படம்தான்.

பின்னேரம் பழைய விலாசத்தைக் காட்டிப் பஸ் எடுத்து எங்கள் கட்டடத்துக்குப் போனேன். ஒன்பதாம் மாடியில், தெற்குப் பார்த்த எங்கள் யன்னலில் யாரோ பூச்சாடி வைத்திருக்கிறார்கள். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வடக்கே நடந்தேன். நாற்பத்திரண்டு நிமிடம். மேட்டு நிலம் முடிகிறது, கீழே றோட்டு, றோட்டுக்கு அங்கால் கடல். சாம்பல் நிறம், பெரிய அலை இல்லை. பாசி மணம் எனக்கே அடித்தது.

நீ சொன்னது சரி, நான் பிழை. அதைத் தமிழில் சத்தமாகவே சொன்னேன். அந்த ஊரில் நான் வாய்விட்டுக் கதைத்தது அதுதான் முதல் தரம். நீ இருக்கும்வரை ஒரு விஷயத்திலும் இதை உனக்கு நான் சொன்னதில்லை.

உன் குரல் கொஞ்சம் கொஞ்சமாய் மறந்துகொண்டு வருகிறது. அந்த "பேர்?" மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் யாராவது திடுக்கென்று பெயர் கேட்டால் ஒரு கணம் தடுமாறுகிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. படங்களை உன் அம்மாவிடம் நேரே கொண்டுபோய்க் கொடுப்பது. தபாலில் போடுவதில்லை. செத்தவீட்டுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவேயில்லை.

2. நீ கூப்பிட்டாய், நான் வரமாட்டேன் என்றேன் என்பதை அவவுக்குச் சொல்வது. அவ கேட்காவிட்டாலும் சொல்வது.

3. நாளைக்கு ஞாயிறுப் பூசை முடிய அவவை ஒன்ராறியோ ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவது.

4. அவ அதைக் கடல் என்று சொன்னால், திருத்தாமல் இருப்பது.