மூன்றாவது பாட்டின் நாற்பது விநாடி

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று நாலே பேருக்குத்தான் கண் பரிசோதனை. மற்ற நேரமெல்லாம் ஒரே நினைப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டாவது ஆல்பத்துக்கு ஒத்திகை. காலையிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள்: "போன ஆல்பத்துல, மூணாவது பாட்டுல ஒரு சத்தம் குடுத்தியே, அதான்டி நம்ம முகம். இந்தத் தடவ முழுக்க அது வேணும்."

தலையை ஆட்டிவைத்தேன். வேறென்ன செய்ய? அது கீபோர்டே இல்லை. கிட்டார்.

எழுதிவிட்டேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக.

மார்ச் 6, வியாழன்

முழுசாக எழுதிவிடுகிறேன், பாரமாவது குறையட்டும். எங்கள் ராக் குழுவில் மூன்றே பேர். பாட்டு அக்கா, கீபோர்டு நான், டிரம்ஸ் அத்தை மகன். அவனை எல்லோரும் கூப்பிடுவது 'இடி'. நாலாவதாக ஒரு கிட்டார்காரர் இருந்தார். அக்காவைக் கட்டிக்கொள்ளப்போகிறவரும் அவர்தான். முதல் ஆல்பம் ஒலிப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது குழுவையும் கல்யாணத்தையும் உதறிவிட்டுப் போனார். நான் இல்லாமல் ஆல்பம் போட்டுவிடுவீர்களா என்று கேட்டுவிட்டு வேறு.

அக்கா அழவில்லை. ஆல்ப அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் போடச் சொன்னாள்: 'இந்த ஆல்பத்தில் கிட்டார் இல்லை.'

ஒலிப்பதிவின் கடைசி நாள், மூன்றாவது பாட்டில் வரும் அந்த நாற்பது விநாடிக்கு நான் எப்படி வாசித்தும் உயிர் வரவில்லை. அக்காவும் இடியும் சாப்பிடப் போயிருந்தார்கள். மூலையில் ஸ்டுடியோவின் பழைய கிட்டார். எடுத்தேன். கம்பிச் சத்தமே தெரியாதபடி ஒலிப்பதிவாளர் திருகித் திருகி மாற்றிக்கொடுத்தார். யாருக்கும் தெரியாது என்றார்.

தெரியவும் இல்லை. கிட்டாரே தேவையில்லை என்பதற்கு அந்த நாற்பது விநாடி போதும் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அதை வெட்டி பீரோ கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள் அக்கா. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தலை சீவுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வரவில்லை. கீபோர்டில் அந்தச் சத்தம் எப்படி வரும்? வயர் கோளாறு என்றேன், இடி வயரை மாற்றினான். ஸ்பீக்கர் என்றேன், அதையும் மாற்றினான். இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்?

மார்ச் 13, வியாழன்

சோறு இறங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வானொலியில் கூப்பிட்டிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை, நேரலை. அந்த நாற்பது விநாடியை அங்கேயே வாசித்துக்காட்டுவதாக அக்கா ஒப்புக்கொண்டுவிட்டாள். "விட்டுட்டுப் போன அந்த ஆளும் கேக்கட்டும்" என்றாள். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா? எத்தனை நாளைக்கு? எத்தனை காய்ச்சல்?

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. குழாயை மூடினாள்.

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மீதிப் பாத்திரத்தை நான் கழுவினேன். திட்டித் தொலைத்திருக்கலாமே, ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

வெள்ளிக்கிழமை வானொலிக்கு யாரும் போகவில்லை. வர இயலாது என்று அக்கா முன்னாடியே சொல்லிவிட்டாளாம், இடி சொன்னான். என்னோடு இன்னும் பேச்சு இல்லை. பீரோ கதவில் அந்தத் துண்டும் இல்லை, பசைத் தடம் மட்டும் இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

ஒத்திகைக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் இடியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அந்தச் சத்தம் வேணாம். அவளுக்கு எது வருமோ அத வாசிக்கட்டும்."

இரண்டு விரலால் வாசித்தேன். மொட்டையாகத்தான் இருந்தது. இடி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையால் தட்டினான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா பாட ஆரம்பித்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மே 23, வெள்ளி

அச்சகத்திலிருந்து புது அட்டையின் மாதிரி வந்தது. பிழை பார்க்கச் சொல்லி அக்கா என்னிடம் நீட்டினாள். பின்பக்கம் அதே பெரிய எழுத்து: 'இந்த ஆல்பத்தில் கிட்டார் இல்லை.'

கீழே சின்ன எழுத்தில்: 'போன ஆல்பத்தில் நாற்பது விநாடி இருந்தது. வாசித்தது என் தங்கை.'

மூன்று முறை படித்தேன். பிழை எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.