மூஞ்சி வராத படம்

ஜூலை 8, செவ்வாய்

ஷூ கம்பெனி எங்கள் தையல் லைனைப் படம் எடுக்கப் போகிறதாம், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்குக் காட்ட. கதாநாயகி வேறு யார்? நான்தான். வயசு நாற்பத்தேழு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை ஷூ தைக்கிற நூலால் கட்டியிருக்கிறேன். தேர்ந்தெடுத்தது ஃபரீதா. பதினாறு வருஷம் பக்கத்து மெஷின், இரண்டு வருஷமாக என் சூப்பர்வைசர். மதியச் சாப்பாடு இன்னமும் ஒரே பெஞ்சில்தான்.

“நல்ல புடவையா கட்டிக்கினு வா ஹேமா” என்றாள். மேலே கம்பெனி கோட்டு போட்டால் எந்தப் புடவையும் ஒன்றுதான். ஆனாலும் பட்டுப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

கேமராக்காரர் கோவிந்தசாமி. நாட்றம்பள்ளியில் கல்யாண வீடியோ எடுப்பவர். லைட் மாட்டுகிற நேரத்தில் அவரைக் குடைந்தேன். இருபது வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவர் போலக் கொட்டினார். வைட் ஷாட்டில் இடம் தெரியும். மிட் ஷாட், இடுப்புக்கு மேலே, ஆள் தெரியும். குளோசப்பில் மனசு தெரியும். திரையில் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு. முகம் கோடுகள் வெட்டுகிற இடத்தில் வரணுமாம்.

“நடுவுல வச்சா ரேஷன் கார்டு போட்டோக்கா. அப்புறம், ஆள் எந்தப் பக்கம் பாக்குறாங்களோ அந்தப் பக்கம் இடம் விடணும். இல்லாட்டி சுவத்துல முட்டிக்கினு நிக்கிற மாதிரி இருக்கும்.”

மாதனூர் பஸ்ஸில் வழியெல்லாம் விரலால் சட்டம் போட்டு எல்லாரையும் பார்த்தேன். பக்கத்து மெஷின் கமலத்திடம், உன் தலைக்கு மேலே இடம் ஜாஸ்தி என்றேன். “அப்ப உன் பைய அங்க வச்சிக்கோ” என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

ஷூட்டிங். கேமராவை என் தலைக்கு நேர் மேலே தொங்கவிட்டார்கள். டாப் ஆங்கிள். வெறும் கை. குளோசப் எப்போ என்றதற்கு, மொதல்ல கை, அப்புறம் முகம் என்றாள் ஃபரீதா.

ஒரு மணி நேரம், ஷாட்டில் கட்டே இல்லை. ஃபரீதாவே தைக்க வேண்டிய தோல் பீஸ் அடுக்கி எடுத்துக் கொடுத்தாள். தைத்ததை வாங்க இன்னொருத்தி. பாபின் எல்லாம் நூல் சுற்றித் தயாராக இருந்தது. கேமரா பார்க்கிறதே என்று நானும் பறந்தேன். வழக்கமாக மணிக்கு அறுபது ஜோடி. இன்று எண்பது! ஃபரீதா கை தட்டினாள்.

ஜூலை 14, திங்கள்

குளோசப் இன்று இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் இல்லை. நல்ல புடவை தீர்ந்துவிட்டது.

ஜூலை 21, திங்கள்

போர்டில் புது டார்கெட்: மணிக்கு எண்பது ஜோடி. முடிக்காதவர்கள் ஷிப்ட் முடிந்தும் இருந்து முடிக்கணும். கீழே ஒரு வரி — வீடியோ பார்த்துக் கணக்கிடப்பட்டது.

என் கை. என் வேகம்.

கமலம் நேராக வந்தாள். “நடிப்பு முடிஞ்சிச்சா? என் புள்ளைங்கள இனிமே நீ போய் ஸ்கூல்லேர்ந்து இட்டுக்கினு வரியா?”

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு ஆம்பூரிலிருந்து மாதனூர் வரை காலி.

ஜூலை 22, செவ்வாய்

கோவிந்தசாமிக்கு போன் போட்டேன். முதலில் தயங்கினார். “உங்க சூப்பர்வைசரம்மா தான்க்கா சொன்னாங்க. கட் பண்ணாம டாப் ஷாட் மட்டும் போதும், மூஞ்சி வேணாம்னு.”

மூஞ்சி வேணாமாம். பையருக்குப் படம் என்றதெல்லாம் பொய். புடவை வேற கட்டிக்கினு வரச் சொன்னியேடி...

ஜூலை 23, புதன்

கை கழுவுகிற குழாயடியில் ஃபரீதாவிடம் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. டார்கெட்டை ஏற்றிக் கொடுத்தால் அவளுக்கு ஃப்ளோர் இன்சார்ஜ் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

“உன்கிட்ட சொன்னா நீ மெதுவா தைப்ப. கேமரான்னா பறப்ப. எனக்குத் தெரியாதா உன்ன?”

தெரியும். என் அசட்டுத்தனம் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். நம்பிச் சொன்னவள் நானேதான். குழாயை மூடிவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

மேனேஜரிடம் போனேன். கூட வர யாரையும் கூப்பிடவில்லை. குழாயடிப் பேச்சு லைனுக்குள் பரவியிருந்தது போல; கமலமும் ஆறு பேரும் தாங்களாகவே வந்து பின்னால் நின்றார்கள்.

“சார், ஷாட் தப்பு” என்றேன். பீஸ் கொடுத்தவள், வாங்கினவள், பாபின் சுற்றினவள் எல்லாரும் ஃப்ரேமுக்கு வெளியே. கேமராவைச் சுவர் ஓரம் வைத்து வைட் ஷாட் எடுங்கள், அதே ஒரு மணி நேரம். அவர் சிரித்தார். அடுத்த மாசம் பையர் ஃபாக்டரியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வருகிறார்களே, டாப் ஷாட் எப்படி எடுத்தது என்று அவர்களிடமும் சொல்லட்டுமா என்றேன். சிரிப்பு நின்றது.

ஜூலை 30, புதன்

வைட் ஷாட் எடுத்தார்கள். பீஸை நானே எழுந்து போய் எடுத்தேன், பாபினை நானே சுற்றினேன். ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தொன்பது. குறைந்த ஒன்று, கண்ணாடி நழுவியதால்.

பிறகு கோவிந்தசாமி திரையில் காட்டினார். என் முகம் கடுகளவு. ஃப்ரேமின் ஓரத்தில் ஃபரீதா. பார்க்கிற பக்கம் இடமே இல்லாமல், சுவரில் முட்டிக்கொண்டு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போர்டில் மறுபடி அறுபது.

மதியம் பெஞ்சில் பழக்கதோஷம், ஓரமாக உட்கார்ந்து ஃபரீதாவுக்கு இடம் விட்டிருந்தேன். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன் போல. ஃபரீதா டப்பாவோடு சூப்பர்வைசர் ரூமுக்குள் போய்விட்டாள்.

கமலம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து, “முட்டைக் கொழம்பு. வேணுமா?” என்றாள்.

அங்கே ஆள் வரும் என்று நான் சொல்லவில்லை.