எண்பத்தெட்டரை மீட்டர்

மே 4, ஞாயிறு

நாற்பது ஏக்கர் சாம்ராஜ்யத்தில் இன்று புல் அறுப்பு வைபவம். மாமன்னன் யானை மேல் ஏறினான். பூமி அதிர்ந்தது. பறவைகள் பக்கத்து நாட்டுக்குக் குடிபெயர்ந்தன.

(பிற்கால வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: நான்கு ஏக்கர். அக்கா வீட்டின் பின்புறம். யானை என்பது இருபத்தாறு வயதான டிராக்டர். மன்னனுக்கு ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை, கடைசி அறையில் வாசம்.)

வரலாறு இப்படி எழுதப்படுவதற்குக் காரணம் அக்கா மகள்தான். "மாமா சொல்ற எந்தக் கணக்கையும் பத்தால வகுத்தாத்தான் நிஜம் வரும்" என்று எட்டு வயதிலேயே வீட்டில் சட்டம் போட்டுவிட்டாள். இப்போது முப்பது வயது. கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறாள். வலது கண்ணில் குட்டி லென்ஸைப் பொருத்திக்கொண்டு, எறும்பின் பல்லைவிடச் சிறிய திருகாணியைப் பிடித்து உட்கார வைப்பாள். நான் வைத்த பட்டப்பெயர் ஒற்றைக்கண் ராட்சசி. அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

ஞாயிறு என்றால் நான் வண்டி எடுக்குமுன் வாளியோடு வயல் முழுக்க நடப்பாள். இன்றைய வேட்டை: மூன்று கல், ஒரு ஆணி, ஒரு தேக்கரண்டி. "இதெல்லாம் பிளேடுல மாட்டினா துப்பாக்கிக் குண்டு மாதிரி போகும் மாமா." போகட்டுமே. மன்னனிடம் பீரங்கிப் படை இல்லை என்கிற குறை தீரும்.

இன்னொரு சாதனையும் உண்டு. புல்வெட்டியின் பின்னால் ஒரு கம்பியில் வரிசையாகச் சங்கிலிகள் தொங்கும். எதுவும் பின்னால் பறக்காமல் தடுக்கும் திரையாம் அது. ஈரப் புல் அதில் அப்பிக்கொள்ள, கால் மணிக்கொரு முறை மன்னன் இறங்கி மாடு போல் புல் பிடுங்க வேண்டியிருந்தது. நான்கு போல்ட். ஸ்பேனர் போட்டுக் கழற்றிக் கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டேன். அப்புறம் வேலை வெண்ணெய்.

மே 8, வியாழன்

மழை. மீதிப் புல்லை அறுக்க முடியாது. அத்தானோடு கேரம் ஆடி நானூறு ஆட்டம் ஜெயித்தேன்.

(நான்கு.)

மே 11, ஞாயிறு

அவள் கண்.

மே 12, திங்கள்

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் வரிசைக்கு வருமா?

காலையில் வாளியோடு நடந்தாள். வழக்கம் போல. இரண்டு கல், ஒரு பாட்டில் மூடி. பத்து மணிக்கு நான் வண்டியை எடுத்தேன். பதினொன்று இருக்கும், வயலின் கடைசி மூலையில் திரும்பினேன். புல்வெட்டியின் பின்பக்கம் வீட்டைப் பார்த்திருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தால் பின்வாசல் படியில் அவள். டீக் கோப்பையைத் தூக்கிக் காட்டி வரச் சொல்லிக் கை அசைக்கிறாள்.

அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். சின்னதுதான். யாரோ தட்டில் கரண்டியைப் போட்டது போல.

அவள் கையிலிருந்து கோப்பை விழுந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

நான் என்ன செய்தேன்? இதைத்தான் எழுத வேண்டும். சிரித்தேன். டிராக்டர் மேல் நின்று, "மன்னனுக்கு வந்த டீயைக் கொட்டிய ராட்சசிக்கு நூறு கசையடி!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்கக் கூடாது. அவள் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். அதையும் நடிப்பு என்று நினைத்து, பதிலுக்கு நானும் நெஞ்சில் கை வைத்துச் சாய்ந்து காட்டினேன்.

அக்கா ஓடி வந்ததைப் பார்த்த பிறகுதான் இன்ஜினை அணைத்தேன். அணைத்ததும் அக்கா அலறுவது கேட்டது.

ரத்தம் ஆறாக — இல்லை. ஒரு கைக்குட்டை நனைந்தது. அவ்வளவுதான். அவ்வளவு போதும்.

மே 13, செவ்வாய்

வலது கண். லென்ஸ் வைக்கும் கண்.

கண் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். உள்ளே கம்பித் துண்டு. ஒரு விரல் நகத்தின் நீளம். பழைய வேலிக் கம்பியாக இருக்கும், மண்ணுக்குள் கிடந்திருக்கும்.

"எவ்ளோ தூரத்துல இருந்து வந்துச்சு?"

"தொண்ணூறு மீட்டர்" என்றேன்.

அத்தான் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பத்தால வகுத்துக்குங்க டாக்டர். எங்க மச்சான் பேச்சு அப்படித்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப ஒம்பது மீட்டர் பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டா ஓட்டுனீங்க?"

இல்லை, நிஜமாகவே தொண்ணூறு என்றேன். டாக்டர் சீட்டில் ஒன்பது என்று எழுதிக்கொண்டார். ஐம்பது வருஷமாக நான் கட்டிய கோட்டை. அதில் கதவு வைக்க மறந்திருக்கிறேன்.

மதியம் அத்தான் தனியாக வீட்டுக்குப் போய் நடந்து பார்த்தார். முப்பது வருஷம் தபால் பை தூக்கி நடந்தவர் அவர். அவருடைய ஒரு காலடி முக்கால் மீட்டர்; கூடாது, குறையாது. வண்டி இன்னும் அதே மூலையில்தான் நிற்கிறது. அங்கிருந்து பின்வாசல் படி வரை நூற்றுப் பதினெட்டு காலடி.

திரும்பி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் உயிர் இல்லை.

"எண்பத்தெட்டரை மீட்டர் வருது மச்சான்."

"நான் தொண்ணூறுன்னேன்."

"ஆமா. அவ்ளோ தூரம் ஒரு லெட்டரைக் குடுக்கறதுன்னாலே நான் பையை இறக்கி வெச்சுட்டுத்தான் போவேன்" என்றார்.

இத்தனை வருஷம் எவ்வளவோ கதை விட்டிருக்கிறேன். ஒரு நகத்தளவு கம்பி எண்பத்தெட்டரை மீட்டர் பறந்து வந்து, ஆயிரம் இடம் இருக்க, அந்த ஒரு இடத்தில் — இப்படி ஒரு பொய்யைச் சொல்ல எனக்கே தைரியம் வந்திருக்காது.

மே 15, வியாழன்

பட்டப்பெயர். ஞாபகம் வந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா, எங்கிருந்தோ. இருபது பேர் நடுவில் எழுந்து நின்றுவிட்டேன். இனி இந்த நோட்டில் அந்தப் பெயர் வராது.

மே 16, வெள்ளி

இன்று பேசினாள். கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "மாமா, நான்தான் விட்டுட்டேன்" என்றாள்.

"எதை?"

"அந்தக் கம்பியை. அந்த மூலையில புல்லு உசரமா இருந்துச்சு. காலால தள்ளித் தள்ளிப் பாத்துட்டு வந்துட்டேன். குனிஞ்சு பாக்கல. என் தப்பு மாமா. நீங்க அழாதீங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

மறுபடி எழுதுகிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மே 17, சனி

எல்லோரும் ஆஸ்பத்திரியில். துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கொட்டகைக்குப் போனேன். ஆணியில் அது தொங்குகிறது. நாற்பத்திரண்டு சங்கிலிகள். கை பட்டதும் குலுங்கியது. என்னமோ சிரித்த மாதிரி. எடுத்துப் போய்ப் புல்வெட்டியில் மாட்டினேன். நான்கு போல்ட். ஐந்து நிமிஷம். கழற்றியதும் ஐந்து நிமிஷம்தான்.

ஏன்டா செய்தாய்? யாராவது வந்து பார்ப்பார்கள் என்று பயம். அவ்வளவுதான். வேறு காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

இது இருந்திருந்தால் அந்தக் கம்பி நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. நின்றிருக்கலாம். அந்த 'லாம்' தொண்டையில் மாட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது.

மே 20, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

அத்தான் இன்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து சங்கிலிகளைக் கையால் தள்ளிப் பார்த்தார். "இவ்ளோ கனமா இருந்தும் அதுக்குள்ள பூந்து வந்திருக்கு பாரேன்" என்றார்.

"ம்" என்றேன்.

மே 24, சனி

பக்கத்து வயல் பால்காரர் பார்க்க வந்தார். அவரிடமும் இதே மாதிரி புல்வெட்டி உண்டு. அத்தான் எல்லாவற்றையும் ஒப்பித்தார்: நூற்றுப் பதினெட்டு காலடி, சங்கிலித் திரை, அதையும் தாண்டி வந்த கம்பி.

பால்காரர் நாக்கைத் தட்டினார். "அது இருந்தும் இப்படின்னா, அதை மாட்டி என்ன பிரயோஜனம்ணே? என் வண்டியிலயும் சும்மா புல்லு அடைச்சுக்கிட்டு உசுரை வாங்குது. நாளைக்குக் கழட்டிடறேன்."

நான் டீயைக் குடித்தேன். டீயை! எப்படி உள்ளே இறங்கியது?

மே 25, ஞாயிறு

காலை எட்டு மணி. முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயலிலிருந்து இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். துருப்பிடித்த போல்ட்டை இளக்குவதற்குத் தட்டுவது. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?

ஓடினேன். சோப்பு முகத்தோடு. ஒரு கால் செருப்பு வேலியிலேயே போய்விட்டது. பால்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். அவர் மனைவி இருபது அடியில் துணி காயப் போடுகிறாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று.

"கழட்டாதே! கழட்டாதேப்பா!"

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"அன்னைக்கு அது இல்லப்பா. என் வண்டியில இல்ல. நான்தான் கழட்டி வெச்சிருந்தேன். அப்புறமாத் திருட்டுத்தனமா மாட்டினேன். ஐயோ, கழட்டாதே."

படுத்தபடியே என்னைப் பார்த்தார். ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். "இதை உங்க வீட்ல சொல்லிட்டீங்களா?" என்றார்.

சொன்னேன். சமையலறையில், மூன்று பேரையும் வைத்துக்கொண்டு, அந்தச் சோப்பு முகத்தோடு. அக்கா "டேய்" என்றாள். அத்தான் எழுந்து வெளியே போய் நடக்க ஆரம்பித்தார். எங்கே என்று அவருக்கே தெரியாது.

அவள் மட்டும் கேட்டாள். "எதுக்குக் கழட்டினீங்க?"

"புல்லு அப்பிச்சும்மா. சும்மா சும்மா இறங்கி ஏற வேண்டியிருந்துச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பெரிதாகச் சொல்ல ஒன்று கிடைக்காதா என்று மனசு துழாவியது. கிடைக்கவில்லை.

"ரெண்டு வாரமா அந்த மூலையில நான் தினம் குனிஞ்சு குனிஞ்சு தேடறேன். கண்ணை மூடினா அந்தப் புல்லுதான். நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"போங்க."

போங்க. அவ்வளவே. எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒட்டி வந்த 'மாமா' அதில் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

உப்பைக் கேட்டேன். நகர்த்தி வைத்தாள். மாமா இல்லை.

ஜூன் 21, சனி

அக்காவிடம், எங்கேயாவது போய்விடட்டுமா என்று கேட்டேன். "போய் அங்க யாரு கண்ணைக் குருடாக்கப் போற? இங்கயே கெட" என்றாள். பிறகு அவளே அழுதாள். பிறகு எனக்குச் சாப்பாடு போட்டாள்.

ஜூலை 9, புதன்

டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான். எழுத்து, முகம், திருகாணி — இனி இல்லை.

கடை பூட்டியே கிடக்கிறது. வேலை மேசையை வீட்டு ஜன்னலோரம் போட்டுக்கொண்டு லென்ஸை இடது கண்ணில் வைத்துப் பழகுகிறாள். ஒரு கண்ணால் தூரம் பிடிபடுவதில்லை போலிருக்கிறது. இடுக்கி திருகாணிக்குப் பக்கத்துக் காற்றைப் பிடிக்கிறது. அடுத்த அறையில் இருந்து கேட்டேன். திருகாணி தரையில் விழும் சத்தம் மிகச் சிறியது. இன்று பதினோரு முறை.

பதினொன்று. நானே எண்ணினேன்.

ஜூலை 30, புதன்

நான்கு முறை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

புல் இடுப்பளவு. நான் இனி வண்டியில் ஏறுவதில்லை. பால்காரர் தன் வண்டியோடு, சங்கிலித் திரையோடு வந்தார். முதலில் வாளியை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். வயலை மூன்று தடவை நடந்தேன், குனிந்து. அந்த மூலையில் முட்டி போட்டு, புல்லை விரலால் பிரித்துப் பார்த்தேன். நான்கு ஏக்கர் இவ்வளவு பெரிது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர் அறுத்து முடிக்கும் வரை எல்லோரும் வீட்டுக்குள்தான், ஜன்னல்கள் சாத்தித்தான். அத்தான் காவல்.

வாளியை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல், சத்தம் அடங்கிய பிறகு அவள் மேசைப் பக்கம் போய் நின்றேன். லென்ஸைக் கழற்றாமலே கேட்டாள்:

"எத்தனை?"

"பதினேழு" என்றேன்.

வாளியை வாங்கி ஒரு பழைய செய்தித்தாளில் கவிழ்த்தாள். கல், ஆணி, கம்பி — இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்து எண்ணினாள். ஒன்றும் கீழே விழவில்லை. முடித்ததும் வாளியை வெளிச்சத்துக்குத் தூக்கி, இடது கண்ணை உள்ளே விட்டு, அடியில் சேற்றோடு ஒட்டியிருந்த எதையோ நெம்பி எடுத்தாள். நகத்தளவு கம்பி. மற்றவற்றோடு வைத்தாள்.

"பதினெட்டு, மாமா."