அப்பா கொடுத்த கார்

மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பால் சுமார், புத்தியால் நன்றாகவே இருக்கிறோம். புத்தியைப் பற்றித் தனியாக ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும்.

காரைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுத்தது அப்பா எடுத்த முடிவு. பக்கவாதத்தில் அவருக்கு வலது கால் விழுந்த பிறகு வண்டி ஷெட்டில் உறை போர்த்திக் கிடந்தது, எலி வயரைக் கடித்தது, பின் சீட்டில் பூனை குட்டி போட்டது. ஊர் ஊராக அதை ஓட்டி மருந்து விற்றுப் பிழைத்த மனுஷன் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடக்க முடியாத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பிசியோதெரபிக்கு பஸ் ஏறுகிறார்கள் என்று காப்பகம் நடத்தும் டீச்சர் சொன்னதைக் கேட்டு, கொடுத்துவிடலாம் என்றவரும் அவர்தான். உன்னிடம் சொன்னபோது, அப்பா ஞாபகமாக இருக்கட்டும், தொடாதே என்றாய். அப்பா இங்கே கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார், உயிரோடு இருக்கிறவருக்கு எதற்கடா ஞாபகச் சின்னம்? ஞாபகம் வந்தால் விமானம் ஏறி வந்து பார்க்க வேண்டியதுதானே.

அதோடு விட்டாயா. நாங்கள் வண்டியைப் பழுது பார்த்துக் கொடுத்த பிறகு காப்பகத்துக்கே போன் போட்டு, பெற்றவர்களுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, ஏமாற்றி வாங்கிவிட்டீர்கள், போலீசுக்குப் போவேன் என்று மிரட்டியிருக்கிறாய். மறுநாள் காலை டீச்சர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சாவியை என் கையில் வைத்து, "எங்களுக்கு வேணாம்மா, போலீஸ் வந்தா பிள்ளைங்க பயந்துடும்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளே இருந்து அப்பா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாக்கரை ஊன்றி ஊன்றி வெளியே வந்தார். பேச்சு குழறுகிறதென்று யாரிடமும் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "என் வண்டி. நான் குடுத்தேன். வண்டியை எடும்மா, நானும் வரேன்."

அவரை முன் சீட்டில் ஏற்றுவதற்குள் எனக்கும் டீச்சருக்கும் இடுப்பு கழன்றுவிட்டது. காப்பகத்தில் பிள்ளைகளையும் ஏற்றச் சொல்லி, மடியில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரை கூடவே போனார். வழியெல்லாம் டீச்சர் கியர் மாற்றுவதில் குற்றம் சொன்னார். பின்னால் இருந்த ஒரு பெண் குழந்தை அவரைப் போலவே குழறிப் பேசிக் காட்டியது, எனக்குத் திக்கென்றது, அவரோ சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். விழுந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. நான் எத்தனை கெஞ்சியும் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்றவர், இப்போது வாராவாரம் அந்தப் பிள்ளைகளோடு அதே வண்டியில் போகிறார்.

நீ டீச்சருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேள். கேட்டாயா என்று அவரிடமே விசாரித்துக்கொள்வேன். அதுவரை நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், மருமகளை விட்டுக் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். அவளும் குழந்தையும் நூறு வயது நன்றாக இருக்கட்டும். உனக்கு ஆசீர்வாதம் எழுத இன்று கை வரவில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல் என்று அப்பா எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா