போயிட்டு வரேன் என்று சொன்னவள்

என் அண்ணாவுக்கு,

காவேரியில் புதுத் தண்ணீர் வந்துவிட்டது. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் நல்ல செய்தி அது ஒன்றுதான்.

அன்று மாலை டவுன் ஸ்டேஷனில் வண்டி நகரத் தொடங்கியதும், கைக்கு எட்டிய பெட்டியில் ஏறினாய். அது வெள்ளைக்காரர்களுக்கு ஒதுக்கிய பெட்டி. உள்ளேயிருந்த துரை உன் மார்பில் பூட்ஸ் காலை வைத்துத் தள்ளினான். நீ வழுக்கி விழுந்து செத்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது.

பக்கத்துப் பெட்டி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுச் சேஷாத்ரி மாமா எல்லாவற்றையும் பார்த்தார். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லி அழுதவர், இப்போது, "நான் அசந்து தூங்கிண்டிருந்தேன் ஓய்" என்கிறார். அவர் பிள்ளைக்கு ஒரு துரையின் ஆபீஸில் வேலை. தெருவோ உன்னைத்தான் விசாரிக்கிறது. "அவா பெட்டியில இவனுக்கு என்ன வேலை? கதர் கட்டறவன், வேணும்னேதான் ஏறியிருப்பான்." இதைச் சொன்னவர்கள் நம் வீட்டில் சாப்பிட்டவர்கள், அண்ணா.

அந்தத் துரையின் பெட்டியில் இருந்த இன்னொரு ஆள் டெய்ஸி, ஆங்கிலோ இந்திய நர்ஸ். துக்கம் கேட்க அவள் வந்தபோது அத்தை என் காதில், "உளவு பார்க்க அனுப்பியிருக்கா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் அம்மாவிடம், "நான் பார்த்தேங்க. கோர்ட்ல சொல்றேன்" என்றாள். எழுந்தவள், "போயிட்டு வரேங்க" என்றாள்.

சாவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு போவார்களா? "இன்னொரு சாவுக்கு வரேங்கறா, பாத்தியா" என்று அத்தை வாசலில் தண்ணீர் தெளித்தாள். சேஷாத்ரி மாமா முறை தவறவில்லை. சொல்லாமல்தான் எழுந்து போனார்.

நாளை கோர்ட்டில் உன் சாவைப் பற்றிய விசாரணை. வருகிறேன் என்றவள் வருவாளா? அவள் மனிதர்கள் அவளை விடுவார்களா? வந்தாலும், நீ முரட்டுத்தனமாக ஏறினாய் என்று சொல்லத்தான் வருகிறாளோ? நான் யாரையும் நம்பவில்லை. நம்மவர்களை இன்னும் குறைவாக நம்புகிறேன்.

பெண்கள் கோர்ட்டுக்கு வருவதில்லை என்கிறார் அப்பா. நான் போகிறேன். முன்னால் உட்காருவேன். தூங்கினேன் என்பதை மாமா என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். டெய்ஸி வந்தால் அவளுக்கும் என் பக்கத்தில் இடம் வைத்திருப்பேன். கிளம்பும்போது உன் படத்துக்கு முன் நின்று, அத்தை காதில் விழும்படியே சொல்லுவேன்: போயிட்டு வரேன், அண்ணா.

உனக்குப் பின் பிறந்தவள்,
வேதா