பதவி என்ற இடத்தில்

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய மாதிரித் தாள் வந்தது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பயப்படாதே. உன் அத்தான் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நீரேற்று நிலையத்தில் அவர் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். எனக்குக் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் இந்த நிலையத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். அதனால்தான் வெட்கத்தை விட்டு உன்னிடம் பயோடேட்டா போட்டுத் தரச் சொன்னேன்.

நீ கேட்டபடி நிரப்பியிருக்கிறேன். படிப்பு: ஐந்தாம் வகுப்பு. பதவி: மனைவி. அனுபவம்: இருபத்திரண்டு வருடம். அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். ‘பதவி: மனைவி’ என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி “என்னடி?” என்றாள். சொல்ல வாயெடுத்தால் அழுகை வந்துவிட்டது.

பதவி என்றால் பார்க்கிற வேலையின் பெயர் அக்கா. படிக்கிறவர் தலைப்புகளின்மேல்தான் கண்ணை ஓட்டுவார். அதைப் பார்த்ததுமே இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று புரியவேண்டும். ‘உதவியாள்’ என்று மொட்டையாகப் போட்டால் ஒன்றும் விளங்காது. ‘மேலாளர்’ என்று ஜம்பமாகப் போட்டால் நேரில் மாட்டிக்கொள்வோம். நீ நிஜமாக என்ன செய்தாய்? காலையிலிருந்து எழுது.

குட்டி

மார்ச் 15

குட்டி,

இதை யாருக்கும் காட்டாதே.

கடைசி ஆறு வருடம் அத்தானுக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. மீட்டர் முள் தெரியாது. காலை ஐந்து மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வால்வை மூடிவைத்து மோட்டாரைப் போடுவது நான். ஓட்டம் பிடித்ததும் மெல்ல மெல்லத் திறப்பது நான். சடாரென்று திறந்தால் குழாய் உடையும். முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் நான்தான். கையெழுத்து மட்டும் அவருடையது.

ஒரு நாள், “குழாய் மேல கையை வை. எட்டுத் தெருத் தண்ணியும் இதுக்குள்ளதான் ஓடுது” என்றார். வைத்தேன். உயிருள்ள ஒன்றைப்போல நடுங்கியது. யார் யாரோ முகம் கழுவுவார்கள், எந்த வீட்டிலோ பிள்ளைக்குப் பால் காய்ச்சுவார்கள், எல்லாம் என் கைக்குள் போவது மாதிரி இருந்தது.

இதைப் பதவி என்று போட்டால், அவர் ஆறு வருடம் ஏமாற்றினார் என்பார்கள். செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாது. வீடு போனால் போகட்டும்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

என் பிள்ளையின் பெயர் சூட்டலுக்கு வந்து, “தண்ணி திறக்கணும்” என்று அன்றைக்கே ஓடினாயே, அந்தக் கோபம் எனக்கு மூன்று வருடமாக இருந்தது. உன் கடிதத்தைப் படித்தபின் இல்லை.

‘பணி அனுபவம்’ என்ற தலைப்பையே எடுத்துவிட்டேன். அது எங்கே, யாரிடம், எத்தனை வருடம் என்று கேட்கும். அந்த இடத்தில் ‘செய்யத் தெரிந்தவை’ என்று போட்டு, நீ எழுதியதையே ஐந்து வரியாக்கினேன். உச்சியில் நீ கேட்கிற வேலையின் பெயர்: பம்பு இயக்குபவர். பொய் ஒரு வார்த்தை இல்லை. அத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

குட்டி

ஏப்ரல் 2

என் குட்டிக்கு,

தாள் வந்த அன்று அதை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கிட்டப் போகவே பயமாக இருந்தது. இத்தனையும் இந்தக் கையா செய்தது?

நேரில் கூப்பிட்ட அன்று இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு, “எங்கம்மா கத்துக்கிட்டீங்க?” என்றார்.

“வீட்டுலதான் சார்.”

பக்கத்தில் இருந்தவர், “சமையல் கட்டுல மோட்டாரா?” என்று சிரித்தார்.

இரண்டாம் மோட்டாரைப் போடச் சொன்னார்கள். போட்டேன், சத்தம் சரியில்லை. “காத்து வாங்குது சார்” என்று நிறுத்தி, பம்புக்குள் இருந்த காற்று போகத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, மறுபடி போட்டேன். இழுத்தது. சிரித்தவர் கிட்டே வந்து முள்ளைப் பார்த்தார். இன்ஜினியர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “அவர் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரும்மா” என்றார். அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

ஆர்டர் வந்துவிட்டது. என் பெயருக்கு நேரே அந்த வேலையின் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்க்கிறேன். இனியும் என்னால் லீவு போட்டு வர முடியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீதான் வரவேண்டும்.

இவ்வளவு நாள், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பம்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வால்வைத் தொடுவேன். இன்று காலை இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்துவிட்டுத் தொட்டேன். நடைக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

உன் அக்கா,
பம்பு இயக்குபவர்